மத்திய அமைச்சர்களுக்குள் பொறுப்புகள் எப்படிப் பிரிகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசுக்கு மனு எழுத வருபவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவிவருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் அமைச்சகத்தின் பெயரைப் பார்த்தே முகவரியை முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். அந்த முடிவு பல நேரங்களில் தவறிவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த அமைச்சருக்கு எந்தத் துறை என்று யார் முடிவு செய்கிறார்கள்? அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதா?

அரசமைப்புச் சட்டத்தில் நிதி அமைச்சகம், ரயில்வே அமைச்சகம் என்று எந்தப் பட்டியலும் இல்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பார் என்று பிரிவு 75 சொல்கிறது. அரசு அலுவல்களை அமைச்சர்களுக்குள் பகிர்ந்தளிக்கக் குடியரசுத் தலைவர் விதிகள் வகுக்க வேண்டும் என்று பிரிவு 77(3) சொல்கிறது. அதன்படி 1961 ஜனவரி 14 அன்று வந்தவைதான் இந்திய அரசின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளும், அவற்றுடன் சேர்ந்த அலுவல் நடைமுறை விதிகளும்.

இவற்றில் முதலாவதைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். அதன் முதல் அட்டவணையில் அமைச்சகங்களும் துறைகளும் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இரண்டாம் அட்டவணை ஒவ்வொரு துறைக்கும் உரிய பொருள்களை ஒன்றொன்றாகச் சொல்கிறது. நீண்ட ஆவணம்தான், ஆனால் அமைச்சரவைச் செயலகத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். ஒரு பொருள் யாருக்குரியது என்ற கேள்விக்கு அமைச்சகத்தின் பெயர்ப்பலகை விடை தராது. இந்த இரண்டாம் அட்டவணைதான் விடை தரும்.

கேபினட் அமைச்சர், தனிப்பொறுப்பு இணை அமைச்சர், வெறும் இணை அமைச்சர் என்கிறார்களே, எல்லோரும் அமைச்சர்தானே?

எல்லோரும் அமைச்சர்கள்தான், எல்லோரும் சேர்ந்ததே அமைச்சர் குழு. அதற்குள் கேபினட் என்பது சிறிய வட்டம். கேபினட் அமைச்சர் ஒரு அமைச்சகத்தையோ பலவற்றையோ முழுப் பொறுப்பில் நடத்துவதோடு, கேபினட் கூட்டத்தில் உட்கார்ந்து மற்றத் துறைகளின் முடிவுகளிலும் பங்கேற்கிறார். தனிப்பொறுப்பு இணை அமைச்சருக்கு மேலே வேறு அமைச்சர் இல்லை. தம் துறையைத் தாமே நடத்துவார், ஆனால் கேபினட் கூட்டத்துக்குத் தம் துறை தொடர்பான பொருள் வரும்போது அழைக்கப்பட்டால்தான் போவார். மூன்றாமவரான இணை அமைச்சர் ஒரு கேபினட் அமைச்சரின் கீழ் பணியாற்றுகிறார். துணை அமைச்சர் என்ற நான்காம் படியும் உண்டு, 1950களில் ஓ. வி. அழகேசன் ரயில்வே துணை அமைச்சராக இருந்தார். அண்மைக் காலத்தில் அந்தப் படி பெரும்பாலும் நிரப்பப்படுவதில்லை.

இந்தப் படிநிலைக்கு அடிப்படை இட்டது தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்ற என். கோபாலசாமி ஐயங்கார் 1949இல் அளித்த அறிக்கை. அரசமைப்புச் சட்டத்தில் ‘கேபினட்’ என்ற சொல் பிரிவு 352இல் மட்டும்தான் வருகிறது. அதுவும் 1978இன் 44ஆவது திருத்தத்தால் நுழைந்தது.

மூன்றாமவரான இணை அமைச்சரின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனு எழுதுபவர்கள் தங்கள் பகுதியைச் சேர்ந்த இணை அமைச்சரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவரிடம் எந்தக் கோப்பு போகும், எந்தக் கோப்பு போகாது என்பதைக் கேபினட் அமைச்சர் பிறப்பிக்கும் பணி ஒதுக்கீட்டு ஆணையே தீர்மானிக்கிறது. அந்த ஆணை தாராளமாக இருந்தால் இணை அமைச்சருக்கு உண்மையான அதிகாரம் இருக்கும். சுருக்கமாக இருந்தால் நாடாளுமன்றத்தில் விடை சொல்வதும் விழாக்களில் கலந்துகொள்வதுமே மிஞ்சும். ஒரே அமைச்சகத்தில் இரண்டு இணை அமைச்சர்கள் இருக்கும்போது, உங்கள் பொருள் இருவரில் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அவரைச் சந்திப்பது அலைச்சலைக் குறைக்கும்.

‘மினிஸ்டர் ஆஃப் ஸ்டேட்’ என்றால் மாநில அமைச்சரா?

இல்லை. அவர் மத்திய அரசின் இணை அமைச்சர். மாநில அரசோடு அவருக்குத் தொடர்பில்லை. இலங்கைத் தமிழில் இதே பதவியை இராஜாங்க அமைச்சர் என்கிறார்கள், அதில் இந்தக் குழப்பம் எழுவதில்லை.

எத்தனை பேரை வேண்டுமானாலும் அமைச்சராக்கலாமா?

முன்பு ஆக்கலாம். 2003இன் 91ஆவது திருத்தம் பிரிவு 75(1அ)வைச் சேர்த்தது. பிரதமர் உட்பட அமைச்சர்களின் மொத்த எண்ணிக்கை மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மக்களவையில் 543 இடங்கள் என்பதால் உச்சவரம்பு 81. துறைகளின் எண்ணிக்கைக்கு இப்படி வரம்பு ஏதும் இல்லை. அதனால்தான் ஒருவரே இரண்டு, மூன்று அமைச்சகங்களை வைத்திருப்பதைப் பார்க்கிறோம்.

அமைச்சகமும் துறையும் ஒன்றுதானா?

நிர்வாகத்தின் அடிப்படை அலகு துறை. ஒன்றோ பலவோ துறைகள் சேர்ந்து அமைச்சகமாகின்றன. நிதி அமைச்சகத்தில் பொருளாதார விவகாரம், செலவினம், வருவாய், நிதிச் சேவைகள், முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மை, பொதுத்துறை நிறுவனங்கள் என ஆறு துறைகள் இருக்கின்றன. அணுசக்தித் துறையும் விண்வெளித் துறையும் எந்த அமைச்சகத்துக்குள்ளும் இல்லாமல் தனித்தே நிற்கின்றன. அவற்றை வழக்கமாகப் பிரதமரே வைத்துக்கொள்கிறார். ஒரு துறைக்கு ஒரு செயலாளர் என்பது பொதுவான ஏற்பாடு. எனவே வங்கிக் கடன் பற்றி எழுதும்போது ‘நிதி அமைச்சகம்’ என்று மட்டும் போடாமல் ‘நிதிச் சேவைகள் துறை’ என்றும் சேர்த்து எழுதுங்கள். உறை சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

நான் தென்னை விவசாயி. வேளாண் அமைச்சருக்கு எழுதினால் என் எல்லாப் பிரச்சினைக்கும் வழி பிறக்காதா?

ஒரு தென்னை மரத்தையே எடுத்துக்கொள்வோம். மரத்தை நடுவது, நோய் தாக்கினால் ஆலோசனை, மறுநடவு உதவி ஆகியவை தென்னை வளர்ச்சி வாரியத்தின் வேலை. அந்த வாரியம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கொப்பரைக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையை வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பரிந்துரைத்தாலும், முடிவெடுப்பது பொருளாதார விவகாரங்களுக்கான கேபினட் குழு. மட்டையை உரித்துக் கயிறு திரிக்கத் தொடங்கிய நொடியிலேயே பொருள் கைமாறிவிடுகிறது. கயிறு வாரியம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வெளிநாட்டுப் பாமாயில் மலிவாக வந்து தேங்காய் எண்ணெய் விலை சரிகிறது என்றால், இறக்குமதி வரியை அறிவிப்பது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. இறக்குமதிக்கு அனுமதியா, கட்டுப்பாடா என்ற கொள்கையை அறிவிப்பது வணிக அமைச்சகத்தின் கீழுள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்.

கயிறு திரிக்கும் பெண்மணி ஒருவர் இயந்திர மானியம் கேட்டு எழுதிய மனு, நான்கு மாதங்கள் கழித்து ‘இப்பொருள் இவ்வமைச்சகத்துக்குரியதன்று’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மனுவில் குறை ஒன்றும் இல்லை. உறையின் மேலிருந்த பெயர்தான் தவறு. அந்த நான்கு மாதங்கள் அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இந்தத் தொகுப்பை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

மற்றப் பயிர்களிலும் இதே நிலைதான். தேயிலை, காப்பி, ரப்பர், நறுமணப் பொருள் வாரியங்கள் நான்கும் வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ளன. உரம் வேளாண் அமைச்சகத்தில் இல்லை. இரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தில் இருக்கிறது. கரும்புக்கு ஆலைகள் தர வேண்டிய நியாயமான ஆதாய விலையைக் கவனிப்பது உணவுத் துறை. ஏற்றுமதியை முதன்மையாகக் கொண்டு வளர்ந்த பயிர்கள் வணிகத்தின் பக்கம் நின்றுவிட்டன என்று வரலாற்றை வைத்து விளக்கலாம். ஆனால் விவசாயிக்கு அந்த விளக்கத்தைவிட முகவரியே தேவை.

மீனவர்களுக்குத் தனி அமைச்சகமே வந்துவிட்டதே, இனி எல்லாம் ஒரே இடத்தில்தானே?

2019இல் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம் ஆகியவற்றுக்குத் தனி அமைச்சகம் அமைந்தது. மீன்பிடித் தொழிலின் வளர்ச்சிக்கு அது நல்ல ஏற்பாடு. ஆயினும் கடலில் படகு இறங்கியதும் பல அமைச்சகங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. புயல் எச்சரிக்கை தரும் இந்திய வானிலை ஆய்வுத் துறை புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது; நடுக்கடலில் மீட்க வரும் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது; இலங்கையில் கைதானவர்களை மீட்கும் பேச்சுவார்த்தை வெளியுறவு அமைச்சகத்துக்குரியது.

இவற்றோடு மாநிலத்தின் பங்கும் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆட்சிக்கடல் எல்லைக்கு, அதாவது 12 கடல் மைலுக்கு, அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் உள்ளது. ஆகவே படகு உரிமம், தடைக்கால நிவாரணம் வழங்கப்படும் முறை போன்றவற்றுக்கு முதலில் மாநில மீன்வளத் துறையை அணுகுங்கள்.

பாஸ்போர்ட், விசா, சிபிஐ எல்லாம் உள்துறை அமைச்சகம்தானே?

பாஸ்போர்ட் வெளியுறவு அமைச்சகத்துக்குரியது. வெளிநாட்டவருக்கான விசா கொள்கையும் விமான நிலையக் குடியேற்றச் சோதனையும் உள்துறைக்குரியவை. சிபிஐ நிர்வாக முறையில் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் கீழ் வருகிறது, அந்தத் துறை வழக்கமாகப் பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. இதே பிரிவினை அதிகாரிகளிடமும் தொடர்கிறது: ஐஏஎஸ் பணியைப் பணியாளர் துறையும், ஐபிஎஸ் பணியை உள்துறையும், வனப்பணியைச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் கவனிக்கின்றன.

மாணவர்களின் பெற்றோருக்கும் ஒரு குறிப்பு. மருத்துவக் கல்வி சுகாதார அமைச்சகத்துக்குரியது. ஆனால் நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தேர்வு மையத்தில் நடந்த குளறுபடியும் கல்லூரி அங்கீகாரம் பற்றிய புகாரும் இரண்டு வெவ்வேறு வாசல்களுக்குப் போக வேண்டியவை.

எல்லாக் கோப்பிலும் அமைச்சரே கையெழுத்துப் போடுகிறாரா? செயலாளருக்கு என்ன வேலை?

போடுவதில்லை, போடவும் முடியாது. கொள்கை முடிவுகள், பெரிய செலவுகள், கவனமாகக் கையாள வேண்டிய நியமனங்கள் போன்றவை அமைச்சரிடம் போகும். அன்றாட அலுவல்கள் துணைச் செயலாளர், இணைச் செயலாளர் நிலையிலேயே முடியும். எது எந்த மட்டத்தில் முடியலாம் என்பதற்கு ஒவ்வொரு துறையிலும் எழுதப்பட்ட ஆணை இருக்கிறது. துறையின் நிர்வாகத் தலைவர் செயலாளர் என்று அலுவல் நடைமுறை விதிகளின் 11ஆம் விதி சொல்கிறது. பணக் கணக்குக்கும் அவரே முதன்மைப் பொறுப்பாளர் என்பதால் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அவரைத்தான் அழைத்து விசாரிக்கிறது, அமைச்சரை அழைப்பதில்லை.

ஆணைகள் ‘குடியரசுத் தலைவரின் பெயரால்’ வெளிவருவதைப் பார்த்து, அவரே படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருப்பார் என்று சிலர் நம்புகிறார்கள். அது பிரிவு 77 வகுத்த வடிவம். அலுவல் விதிகளின்படி அமைச்சரோ அதிகாரியோ எடுக்கும் முடிவு சட்டத்தின் பார்வையில் குடியரசுத் தலைவரின் முடிவுதான் என்று 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இரண்டு அமைச்சகங்கள் ஒரே பொருளில் முரண்பட்டால் என்ன ஆகும்?

ஒரு துறை எடுக்கும் முடிவு இன்னொரு துறையைத் தொடும் என்றால், முன்கூட்டியே அதைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. பணம் செலவாகும் என்றால் நிதி அமைச்சகத்தின் இசைவும், சட்டம் இயற்ற வேண்டும் என்றால் சட்ட அமைச்சகத்தின் கருத்தும் தேவை. உங்கள் கோரிக்கையைத் தொடர்புடைய அமைச்சகம் ஏற்றுக்கொண்ட பிறகும் ‘நிதித்துறையின் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வருவது இதனால்தான். அதைத் தட்டிக்கழிப்பு என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

துறைகளுக்குள் உடன்பாடு வராவிட்டால் செயலாளர்கள் மட்டத்தில் அமைச்சரவைச் செயலாளர் ஒருங்கிணைப்பார். அங்கும் தீராவிட்டால் கேபினட் அல்லது அதன் குழு முடிவெடுக்கும். பாதுகாப்புக்கான கேபினட் குழுவில் பிரதமரோடு பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் இருக்கிறார்கள். உயர் பதவி நியமனங்களுக்கான குழுவில் பிரதமரும் உள்துறை அமைச்சரும் மட்டும்தான்.

அப்படியானால் பிரதமர் நினைத்தால் யாரையும் கேட்காமல் முடிவெடுக்க முடியாதா?

முடியும் என்பதற்கும் விதி இருக்கிறது. அலுவல் நடைமுறை விதிகளின் 12ஆம் விதி, தேவை என்று கருதும் அளவுக்கு இந்த விதிகளிலிருந்து விலகப் பிரதமர் அனுமதிக்கலாம் என்கிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கான ஆலோசனையை இந்திரா காந்தி கேபினட்டைக் கூட்டாமலேயே குடியரசுத் தலைவருக்கு அனுப்பியபோது இந்த விதியைத்தான் சுட்டினார். கேபினட் மறுநாள் காலையில்தான் அறிந்து ஒப்புதல் தந்தது. நெருக்கடி நிலைக்கு மட்டுமாவது கேபினட்டின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்று 44ஆவது திருத்தம் கட்டாயமாக்கியது. பிரிவு 352இல் ‘கேபினட்’ என்ற சொல் நுழைந்த கதை இதுதான். மற்றப் பொருள்களில் 12ஆம் விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அரிதாக மட்டுமே பயன்பட வேண்டிய விதி அது என்பது என் உறுதியான கருத்து.

இலாகா இல்லாத அமைச்சர், துணைப் பிரதமர் எல்லாம் சட்டத்தில் இருக்கும் பதவிகளா?

இலாகா இல்லாத அமைச்சரை விதிகள் ஏற்கின்றன. ராஜாஜி 1950இல் அப்படித்தான் நேரு அமைச்சரவையில் சேர்ந்தார். படேல் மறைந்த பின் உள்துறை அவரிடம் வந்தது. நோயுற்றிருந்த முரசொலி மாறன் தம் கடைசி ஓராண்டு காலம் இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்ந்தார்.

துணைப் பிரதமர் பதவி அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. 1989 டிசம்பரில் தேவிலால் பதவியேற்றபோது, குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ‘அமைச்சர்’ என்று படிக்க, அவர் ‘துணைப் பிரதமர்’ என்றே சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சொல் வெறும் அடைமொழி, அவர் மற்றவர்களைப் போல் ஓர் அமைச்சரே என்று தீர்ப்பு வந்தது.

எம்.பி.யாக இல்லாதவரை அமைச்சராக்கலாமா?

ஆறு மாதங்களுக்கு ஆக்கலாம். அதற்குள் இரு அவைகளில் ஒன்றில் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். விலகிவிட்டு மறுபடி பதவியேற்று இன்னொரு ஆறு மாதம் பெறும் தந்திரத்தைப் பஞ்சாப் அமைச்சர் ஒருவர் தொடர்பான வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அமைச்சர் எந்த அவையிலும் பேசலாம். தாம் உறுப்பினராக உள்ள அவையில் மட்டுமே வாக்களிக்கலாம்.

எங்கோ ஓர் அதிகாரி செய்த தவறுக்கு அமைச்சர் ஏன் பதவி விலக வேண்டும்?

சட்டப்படி கட்டாயம் இல்லை, இது மரபு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். தண்டவாளத்தை வெள்ளம் அரித்ததில் அவர் கை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளை எல்ஐசி வாங்கிய விவகாரத்தில், செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்புப்படி பொறுப்பு என்று அதை விசாரித்த நீதிபதி சாக்ளா கூறியதை அடுத்து, டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் நிதி அமைச்சர் பதவியை விட்டார்.

பிரிவு 75(3) பேசுவது கூட்டுப் பொறுப்பை. அமைச்சர் குழு முழுவதும் மக்களவைக்குப் பொறுப்பு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒட்டுமொத்தக் குழுவின் மீதுதான் வரும், தனி ஓர் அமைச்சர் மீது வராது. கேபினட் முடிவில் உடன்பாடில்லாத அமைச்சர் வெளியே எதிர்த்துப் பேசிக்கொண்டே பதவியில் நீடிக்கக் கூடாது என்பதும் இதன் விளைவு.

பிரதமர் இறந்துவிட்டால் மற்ற அமைச்சர்கள் அப்படியே தொடரலாமா?

பிரதமர் இல்லாமல் அமைச்சர் குழு இல்லை. அவர் மறைந்தாலோ விலகினாலோ குழுவும் முடிகிறது. அதனால்தான் நேரு மறைந்த 1964இலும் சாஸ்திரி மறைந்த 1966இலும் குல்சாரிலால் நந்தா உடனடியாகப் பிரதமராகப் பதவியேற்றார். மக்களவை கலைக்கப்பட்ட காலத்திலும் அமைச்சர் குழு இருந்தே ஆக வேண்டும் என்று 1971இல் யு. என். ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனி ஓர் அமைச்சர் விலகினால் சிக்கல் இல்லை; யாருக்கும் ஒதுக்கப்படாத துறைகள் பிரதமரிடம் இருக்கும் என்று ஒதுக்கீட்டு அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள்.

அமைச்சகத்தையே பெயர் மாற்றி, பிரித்து, சேர்த்துவிடுகிறார்களே, என் பழைய மனுவும் வழக்கும் என்ன ஆகும்?

முதல் விடையில் சொன்ன ஒதுக்கீட்டு விதிகளைத் திருத்தினாலே போதும் என்பதால் இது எளிதாக நடக்கிறது. நீர்வளமும் குடிநீரும் சேர்ந்து 2019இல் ஜல் சக்தி அமைச்சகமாயின. வேளாண் அமைச்சகத்திலிருந்த கூட்டுறவு 2021இல் தனி அமைச்சகமானது. 1985இல் மனிதவள மேம்பாடு என்று பெயர் பெற்ற அமைச்சகம் 2020இல் மீண்டும் கல்வி அமைச்சகமானது. பொருள் எங்கே போகிறதோ, அதற்குரிய பிரிவும் கோப்புகளும் அங்கே போகும். வழக்குகள் ‘இந்திய ஒன்றியம்’ என்ற பெயரில் நடப்பதால் துறை மாறினாலும் அவை முடிந்துபோவதில்லை.

எவ்வளவு பார்த்தும் தவறான அமைச்சகத்துக்கே அனுப்பிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுப்பிய விண்ணப்பம் என்றால் கவலை வேண்டாம். அந்தத் தகவல் வேறு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால், ஐந்து நாட்களுக்குள் விண்ணப்பத்தை அங்கே மாற்றிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) கட்டாயப்படுத்துகிறது. வெறும் கோரிக்கை மனுவுக்கு இப்படிச் சட்டக் காலக்கெடு இல்லை. அதனால் யாருக்குரியது என்று புரியாத பொருளில் முதலில் ஒரு தகவல் விண்ணப்பம் போடச் சொல்கிறேன்: ‘இப்பொருள் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளின்படி எந்தத் துறைக்குரியது, அதைக் கையாளும் பிரிவின் பெயர் என்ன’ என்று கேளுங்கள். பதில் வந்ததும், அதன் எண்ணையும் தேதியையும் முதல் வரியில் குறிப்பிட்டு, ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை என்று வைத்து, அந்தப் பிரிவின் பெயருக்கே எழுதுங்கள்.